களிப்பச்சை

தனபாலன் புத்தகத்தையும் புடவையையும் ஒரே விதமாகப் பார்ப்பவர். புடவை என்றால் முதலில் முந்தானையை விரிப்பார். புத்தகம் என்றால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பார். முடிவு தெரிந்தபின் கதையில் என்ன சுவை என்று கேட்பவர்களுக்கு, "முந்தானை பிடிக்காம யாரு புடவையோட உடலைப் பாப்பா?" என்பதே அவருடைய விடை. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் உள்ள பட்டுக் கடை ஒன்றின் முதல் மாடியில் அவர் விற்பனையாளர். மீசை அரும்பும் பருவத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடையில் சேர்ந்தவர், தலை நரைத்த பின்னும் அதே மாடியில் நின்றுகொண்டிருந்தார். நாள் முழுதும் நின்றதனால் கெண்டைக்கால் நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன. அவற்றின் நிறம் கத்தரிப்பூவா, நாவற்பழமா என்று தம் மகளோடு வழக்காடும் அளவுக்கு அவர் நிறங்களில் தோய்ந்தவர்.

காலையில் மேற்கு மாம்பலத்து வீட்டிலிருந்து புறப்படும்போது சோற்றுப் பாத்திரத்துடன் ஒரு புத்தகமும் பையில் இருக்கும். வாடகை நூல்நிலையத்துப் புத்தகமாயின், புடவை மடிப்புக்குள் வைத்து வரும் வெள்ளைத் தாளால் அதற்கு உறை போட்டிருப்பார். ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஏறி, வண்டியிலிருந்து இறங்கிய கூட்டத்தோடு ரங்கநாதன் தெருவுக்குள் இறங்கி, இன்னும் கடை விரித்து முடிக்காத நடைபாதை வணிகர்களைக் கடந்து செல்வார். பகல் உணவு வேளையில் மற்றவர்கள் கைப்பேசியில் ஆழ்ந்திருக்க, அவர் சரக்கறைக்கு ஏறும் மாடிப்படியின் திருப்பத்தில் அமர்ந்து, ஒரு கையில் சோறும் மறு கையில் புத்தகமுமாக இருப்பார். வாடகைப் புத்தகத்தின்மேல் ஒரு பருக்கையும் விழுந்ததில்லை என்பது அவருடைய பெருமை.

அந்த வாசிப்பு வீண்போகவில்லை. மற்ற விற்பனையாளர்கள் "பச்சையில பாருங்கம்மா" என்று ஒரு கட்டை இறக்கி வைக்கும் இடத்தில், தனபாலன் நாற்றுப்பச்சை என்பார், பாசிப்பச்சை என்பார், வெயிலில் நின்ற வேம்பு என்பார். பெயரைக் கேட்டபின் புடவையைப் பார்ப்பவர்களுக்கு அந்த நிறம் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். குழல்விளக்கின் ஒளியை நம்பாமல் புடவையை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்க்கிற பெண்களும், தனபாலன் பெயர் சொல்லிவிட்டால் வாசலுக்குப் போவதில்லை.

அப்பெயர்களுள் ஒன்று அவரோடே ஒட்டிக்கொண்டது. அது களிப்பச்சை.

அச்சொல் அவருக்குக் கிடைத்தது கடையின் ஊழியர் விடுதியில். சேர்ந்த புதிதில் அவருக்கு மடிக்கும் வேலை. வாடிக்கையாளர்கள் விரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளைப் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். அவருடைய ஊர்ப் பேச்சைக் கேட்டு உடன் வேலை செய்தவர்கள் சிரித்தமையால் அவர் வாயைத் திறப்பதே இல்லை. விடுதியில், ஆடிக்கொண்டிருந்த கட்டிலின் காலுக்கு யாரோ ஒரு புத்தகத்தை அண்டைகொடுத்திருந்தார்கள். அட்டையும் முதற்பக்கங்களும் போய்விட்ட புத்தகம். கதையின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. அரசர் காலத்துக் கதை. பள்ளிப் பாடப் புத்தகங்களைத் தவிர வேறொன்றும் படித்திராத தனபாலன் ஒரு மழைநாளில் அதை உருவி எடுத்தார். கட்டில் ஆடினால் ஆடட்டும் என்று பிறகு அதை அங்கே திருப்பி வைக்கவே இல்லை.

போரில் மாண்டதாகக் கருதப்பட்ட இளவரசன் உயிரோடிருக்கிறான் என்னும் செய்தி வருகிறது. அதுவரை வெள்ளை உடுத்து அறைக்குள் அடைந்திருந்த இளவரசி வெளியே வருகிறாள். 'துயர் தீர்ந்த அந்நாளில் அவள் களிப்பச்சைப் பட்டுடுத்தி மேல்மாடத்துக்கு வந்தாள்' என்று அவ்விடத்தில் அச்சிட்டிருந்தது. தனபாலன் அந்த வரியில் நின்றுவிட்டார். கிளிப்பச்சை அவருக்குத் தெரியும். கடையில் அடுக்கடுக்காக இருந்தது. களிப்பச்சை என்றும் ஒன்று உண்டு போலும். களி என்றால் மகிழ்ச்சி. துன்பம் தீர்ந்தவர்கள் உடுத்துவதற்கென்றே முன்னோர் ஒரு பச்சையைத் தனியாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று அவர் கருதினார். மறுநாள் முதல் அது எந்தப் பச்சை என்று அடுக்குகளில் தேடலானார். நெடுக்கில் பச்சைப் பாவும் குறுக்கில் மஞ்சள் ஊடையும் கொடுத்து நெய்த புடவை ஒன்று, மடிக்கும்போது மடிப்பின் முனையில் மட்டும் பொன்னாக மின்னியது. இதுதான் என்று மனத்துக்குள் முடிவு செய்தார்.

சில வாரங்களுக்குப்பின் மயிலாப்பூரிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். ஜெயஸ்ரீ என்று பெயர், வங்கியில் வேலை. கைக்குழந்தை கடுங்காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக அம்மனுக்குச் சாத்திவிட்டுத் தாமும் உடுத்த ஒரு பச்சைப் புடவை தேடினார். எதுவும் மனத்துக்குப் பிடிக்காமல் எழுந்தபோது, பின்னால் மடித்துக்கொண்டிருந்த தனபாலன், கடையில் முதன்முதலாக ஒரு வாடிக்கையாளரிடம் வாயைத் திறந்தார்.

"அம்மா, இது களிப்பச்சை. துக்கம் தீர்ந்த வீட்டுல உடுத்துறது."

ஜெயஸ்ரீ அந்தப் புடவையைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவில்லை. அடுத்த மாதமே தனபாலன் விற்பனைக்கு மாற்றப்பட்டார். அன்றிலிருந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களும், ஓராண்டுத் துக்கம் கழிந்தவர்களும், வழக்கில் வென்றவர்களும், வெகுநாள் பேசாதிருந்த மகனோடு பேசத் தொடங்கிய தாயும் அந்த மாடிக்கு வந்து, "களிப்பச்சை இருக்கா?" என்று கேட்கும் வழக்கம் உண்டாயிற்று. ஆரணி நெசவாளர்கள் சீட்டில் அந்தப் பெயரை எழுதியே சரக்கு அனுப்பினார்கள். மயிலாப்பூர்க் கச்சேரி சாலைக்காரரான சக விற்பனையாளர் தௌஃபீக் மட்டும் கேலியை விடவில்லை.

"களின்னா இன்னா நைனா, புழல் ஜெயில்ல ஊத்துவானே அதுவா? அதுக்கு ஒரு புடவை வேறயா?"

"உமக்கு அந்தக் களிதான் தெரியும்வே. போயிட்டு வந்தவருல்லா."

"போவல நைனா. கூப்ட்டுக்கினு கீறான், நான்தான் டைம் இல்லேன்னு சொல்லிக்கினு கீறேன்."

இந்த ஆண்டு ஆடித் தள்ளுபடி முடிவதற்குள், முதலாளியின் மகன் ராம்குமார் தனபாலனைத் தம் அறைக்கு அழைத்தார். குளிரூட்டிய அறை. வெளியே ஆடி மாதத்துப் புழுக்கத்தில் மக்கள் நெரிந்துகொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"பரவாயில்ல தம்பி. நின்னு பழகிட்டு."

"ஆவணியில அடையாறு கிளை திறக்கிறோம். நீங்கதான் அங்க பொறுப்பு. உங்களுக்குன்னு ஒரு மேசை, நாற்காலி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நீங்க இருக்க வேண்டியதில்ல, பசங்க பூட்டிப்பாங்க."

தனபாலனின் மனத்தில் மனைவி சண்முகவடிவின் முகம் வந்தது. திருமணமான நாள் முதல் கடை அடைக்கும் வரை அவருக்காகக் காத்திருந்து, ஆறிய குழம்பைச் சூடு பண்ணியே அவளுக்கு வயதாகிவிட்டது.

"இன்னொண்ணு," என்றார் ராம்குமார். "கிளை திறப்புக்கு ஒரே புடவை, ஒரே பேரு. களிப்பச்சை. விளம்பரத்துல நீங்கதான் பேசப் போறீங்க. வேற எந்தக் கடைக்காரனும் இந்தப் பேரைச் சொல்ல முடியாது. ஒரு தடவை கேட்டேன்ல, எந்தப் புத்தகத்துல வருதுன்னு?"

"பழைய புத்தகம் தம்பி. ராசா காலத்துக் கதை."

"அதைத்தான் விளம்பரம் எழுதறவர்கிட்ட சொன்னேன். இந்தாங்க."

தாளில் ஒரே வரி இருந்தது. 'ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியம் போற்றிய களிப்பச்சை.' இதைத் தனபாலன் புடவையைக் கையில் ஏந்தியபடி படப்பிடிப்புக் கருவியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஈராயிரம் என்பது அவருக்குச் சற்று அதிகமாகத் தோன்றியது. ஆனால் அச்சில் பார்த்த சொல். அவர் கண்ணால் கண்டது. அரசர் காலம் என்றால் பழங்காலந்தானே என்று தம்மைத் தேற்றிக்கொண்டு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அன்று ராம்குமார் அவரை மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேற்கு மாம்பலத்துத் தெருவில் தேங்கிய நீரில் கழிவுநீரும் கலந்து நாற, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தனபாலனை, செய்தியைத் தொலைபேசியில் முன்னரே கேட்டிருந்த சண்முகவடிவு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நெசந்தானா? ஏழு மணிக்கு மேல இருக்க வேண்டாம்னா சொன்னாவ?"

"சொன்னாவ."

"பொறவு மாத்திப் பேசிர மாட்டாவளே?"

"அந்தத் தம்பி அப்பிடி இல்ல."

"காலை நீட்டி உக்காருங்க. உளுந்தங்களி கிண்டுதேன். கருப்பட்டி நல்லதா கிடைச்சிருக்கு."

மகள் சிந்து தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பது அவளுடைய தொழில். அன்று அவளும் நேரத்தோடு வந்திருந்தாள். தந்தையின் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

"பிரிச்சுப் பாருப்பா. அடையாறு மேனேஜருக்கு என்னோட கிஃப்ட்."

உள்ளே ஒரு புத்தகம். தனபாலன் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு வரி படித்ததும் அவருடைய கை நின்றது.

"இது அந்தக் கதைல்லா."

"அதேதான். போன மாசம் நீ சொல்ற கதையை அப்படியே ஒரு வாசகர் குழுவுல போட்டேன். வெள்ளை உடுத்தின இளவரசி, ஊமை மாதிரி நடிக்கிற ஒற்றன்னு. கொஞ்ச நேரத்துல ஒருத்தர் பேரையும் சொல்லி, புதுப் பதிப்பு வந்திருக்குன்னும் சொல்லிட்டார்."

தனபாலன் அட்டையைத் தடவிப் பார்த்தார். கதையின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு முதன்முறையாக அந்தக் கதையை முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அவர் பார்த்திராத பக்கங்கள் அவை. இளவரசிக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அது கெடக்கட்டும்," என்றாள் சண்முகவடிவு அடுப்படியிலிருந்து. "அந்த எடத்தை வாசிங்க. நான் கிண்டிக்கிட்டே கேக்கேன்."

அவளுக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லை. கேட்கும் பழக்கம் உண்டு. அந்த இடம் அவளுக்கு மனப்பாடம். திருமணத்துக்குப்பின் முதல் தீபாவளிக்குத் தனபாலன் அவளுக்கு எடுத்துத் தந்தது அந்த நிறந்தான். அவர் பக்கத்தைக் கண்டுபிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"'துயர் தீர்ந்த அந்நாளில் அவள் கி...'"

நிறுத்திவிட்டார்.

"'களிப்பச்சைப் பட்டுடுத்தி மேல்மாடத்துக்கு வந்தாள்,'" என்று சண்முகவடிவே முடித்தாள். "என்ன, கண்ணாடி வேணுமா?"

"கிளிப்பச்சைன்னு போட்டிருக்கு."

சிந்து எட்டிப் பார்த்தாள். "புதுசா டைப் பண்ணவன் தப்பா அடிச்சிருப்பான்பா. எனக்கு இதுதானே வேலை, தினம் பாக்கறேன்."

தனபாலன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தோழி இளவரசியைக் கேலி செய்யும் இடம் அது. 'இறகு முளைத்த கிளி இனிக் கூட்டுக்குள் இருக்குமா?' என்கிறாள் தோழி. இந்தக் கேலியை அவர் எத்தனையோ முறை படித்திருக்கிறார். கிளி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. இளவரசி உடுத்தியிருந்தது கிளிப்பச்சை; அதனால்தான் தோழி அவளைக் கிளி என்கிறாள். வெட்டவெளிச்சமாக இருந்தது.

முற்காலத்து அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து அடுக்குவார்கள். 'கி' இருக்கும் அறைக்குப் போகவேண்டிய ஒரு கை 'க' இருக்கும் அறைக்குப் போயிருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவரும் களி என்பது நல்ல சொல்லாதலால் ஐயுறாமல் விட்டிருக்கிறார். 'கி'யின் தலையிலுள்ள வளைவு, ஒரு மேல்விலங்கு விடுபட்டது, அவ்வளவே.

"அச்சுப்பிழை," என்றார் தனபாலன். "களிப்பச்சைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

சண்முகவடிவு களி கிண்டும் துடுப்போடு வெளியே வந்தாள். "அப்ப எனக்கு எடுத்துத் தந்ததுக்கு என்ன பேரு?"

கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். களியைத் தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். எண்ணெய் குழியில் அசையாமல் நின்றது.

"சாப்புடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சிட்டுல்லா."

"உங்களுக்குத் தெரிஞ்சா என்ன? விளம்பரத்துல சொல்லுததெல்லாம் யாரு நம்புதா? ஒரு வரி. சொல்லிட்டு வாங்க. பொறவு அடையாறுல உக்காந்து எம்புட்டுப் புத்தகம் வேணும்னாலும் வாசிங்க."

"ப்பா, எங்க ஆபீஸ்ல ஒண்ணு சொல்லுவாங்க," என்றாள் சிந்து. "சில பிழை ரொம்ப நாள் இருந்துட்டா, கஸ்டமர் அதுக்குப் பழகிடுவான். திருத்தினா சண்டைக்கு வருவான். அப்புறம் அது பிழை இல்ல, வசதின்னு பேரை மாத்திடுவோம்."

"அதை ரெண்டாயிரம் வருசமா இருக்குன்னும் சொல்லுவியளா?"

சிந்து சிரித்துவிட்டாள். தனபாலன் சிரிக்கவில்லை.

"நீ சொல்லுதது சரி, வடிவு. விளம்பரத்தை யாரும் நம்ப மாட்டாவ. ஆனா என்னை நம்புவாவ. கூட இருந்த பயலுவ என்னைப் பேச விடாம சிரிச்ச காலத்துல, எனக்கு வாயைக் குடுத்ததே அச்சுல இருந்த எழுத்துதான். இதுவரைக்கும் படிச்சதைத்தான் சொல்லியிருக்கேன். படிக்காததைச் சொன்னது கெடையாது."

"அதுவும் தப்பால்லா படிச்சிருக்கிய," என்றாள் சண்முகவடிவு.

"தப்பாப் படிக்கல. தப்பா அச்சடிச்சதைச் சரியாப் படிச்சிருக்கேன்."

களி ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. மாடியில் நிற்க இடமில்லை. புடவைகளை மடிக்க நேரமின்றி மேசைமேல் மலையாகக் குவித்திருந்தார்கள். தனபாலன் அன்று எந்தப் புடவைக்கும் பெயர் சொல்லவில்லை. "பச்சையில பாருங்கம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தௌஃபீக் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒடம்பு சரியில்லியா? அடையாறு போறதுக்குள்ள வாய அங்க அனுப்சிட்டியா?"

அப்போது ஜெயஸ்ரீ படியேறி வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலியினால் ஒவ்வொரு படியிலும் நின்று வந்தார். கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு தனபாலனுக்கு எதிரே இருந்த முக்காலியில் அமர்ந்தார்.

"எங்காத்துக்காரருக்கு இதயத்துல ஆபரேஷன் பண்ணி நன்னா ஆயிடுத்து. காத்தால தானே எழுந்து காப்பி போட்டுண்டார். எடுங்கோ ஒரு களிப்பச்சை. பார்டர் சின்னதா இருக்கட்டும். போன தடவை குடுத்தது என்னைவிடப் பெரிசு."

தனபாலன் புடவையை எடுத்து விரித்தார். மடிப்பு முனையில் பொன் ஓடி மறைந்தது. புடவையைப் பிடித்தபடியே, முந்தைய நாள் மாலை நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். ஜெயஸ்ரீ கேட்டார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"கிளியா? முப்பது வருஷமா நான் கிளி வேஷம் போட்டுண்டா அலைஞ்சேன்? அவர்கிட்ட சொன்னா தையல் பிரிஞ்சுடும், அவ்வளவு சிரிப்பார்."

"உங்ககிட்ட இல்லாததைச் சொல்லி வித்திருக்கேன்மா. மனசுக்குச் சங்கடமா இருக்கு."

"என்ன இல்லாதது? கொழந்தைக்கு ஜுரம் விட்டது நெஜம். நான் இந்தப் புடவையைக் கட்டிண்டு கோவிலுக்குப் போனது நெஜம். அகராதியைப் பாத்துண்டு நான் எப்பவுமே புடவை எடுத்ததில்லை." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "அது சரி. இப்போ இதுக்கு என்ன பேர் போட்டு பில் எழுதப் போறேள்?"

பில் எழுதும் இயந்திரத்தில் நிறத்தின் பெயரைத் தட்டாமல் அடுத்த கட்டத்துக்குப் போக இயலாது. பின்னால் இருவர் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். கிளிப்பச்சை என்று தட்டினால் அது பொய்யாகும். கிளிப்பச்சை இரண்டு அடுக்குத் தள்ளி வேறாக இருக்கிறது. இந்த நிறத்தை அறிந்த நெசவாளருக்கும், உடுத்திய பெண்களுக்கும் தெரிந்த பெயர் ஒன்றுதான். தனபாலன் அதையே தட்டினார்.

"களிப்பச்சைன்னே போட்டிருக்கேன்மா."

"போடுங்கோ. ஃபால்ஸ் இங்கேயே தச்சுக் குடுத்துடுவேளோன்னோ? போன தடவை கலர் மாத்தித் தச்சுட்டான்."

அவர் போனபின் தனபாலன் அடுத்த கட்டை இறக்கினார். இரண்டு பெண்கள் ஒரே குரலில் விலை கேட்டார்கள். "விலையைப் பொறவு கேளுங்க. மொதல்ல இதைப் பாருங்க, வெயில்ல நின்ன வேம்பு," என்றார். தௌஃபீக் அந்தப் பக்கம் திரும்பி, "வந்துட்டாரு," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

விளம்பரப் படப்பிடிப்பு ஞாயிறு காலை, கடை திறக்கும் முன். சண்முகவடிவு சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அவர் குளித்துவிட்டு வந்தபோது, அந்தப் பழைய தீபாவளிப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஜரிகை கறுத்திருந்தது, நிறம் மட்டும் போகவில்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கிய?"

"அங்க போய்ப் பாக்கணும்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? கல்யாணமான புதுசுல எங்கம்மை வச்ச கறி நல்லா இருக்குன்னு பொய் சொன்னியளே, அன்னைக்கே உங்க காது செவந்து போச்சு. எங்கம்மை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதா. கேமராவுல அதைவிட நல்லாத் தெரியும்." புடவையை மீண்டும் மடித்தாள், அவர் சொல்லித் தந்த மடிப்பு. "ஏழு மணிக்கு வந்தாலும் சரி, பத்து மணிக்கு வந்தாலும் சரி. கொழம்பைச் சூடு பண்ண எனக்குக் கை இருக்கு."

கடை மாடியில் விளக்குகளை நிறுத்தி வெள்ளைத் துணியால் ஒளியை மென்மையாக்கியிருந்தார்கள். முகத்தில் மாவு பூசவந்த பெண்ணிடம், வேர்வை பட்டால் பட்டில் கறை விழும் என்று சொல்லித் தனபாலன் முதலில் கையைத் துடைத்துக்கொண்டார். ராம்குமார் புதுச் சட்டையில் நின்றார். புடவையை ஏந்தச் சொன்னார்கள், ஏந்தினார். சாய்க்கச் சொன்னார்கள், பொன் ஓடுமாறு சாய்த்தார். இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையாதலால் அவருடைய கைகள் பிசகவில்லை.

"இப்ப அந்த வரி, அண்ணாச்சி," என்றார் ராம்குமார்.

"தம்பி, ஒரு நிமிசம். அந்த வரி தப்பு."

அவர் புடவையை மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து புதிய புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். அட்டையில்லாத புத்தகம், கட்டில் கால், தோழியின் கேலி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். விளக்குப் பிடித்தவர்கள் விளக்கைத் தாழ்த்திவிட்டுக் கேட்டார்கள். ராம்குமார் இரண்டு பக்கங்களையும் தாமே படித்துப் பார்த்தார்.

"இதை வேற யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க அண்ணாச்சி."

"மாட்டாவ."

"பேரை வேணும்னா மாத்திடலாமா?"

"பேருக்கு என்ன தம்பி? பேரு நல்ல பேரு. ஊரே சொல்லுது. பெட்டியில அடிங்க, போர்டுல எழுதுங்க. ரெண்டாயிரம் வருசம், இலக்கியம், அது மட்டும் வேண்டாம்."

"வேற என்னதான் சொல்லுவீங்க? அச்சுப்பிழையில பொறந்த புடவைன்னா?"

"கேட்டா அதைத்தான் சொல்லணும்."

ராம்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஆனால் நாள் குறித்தாயிற்று, சுவரொட்டி அச்சுக்குப் போகவேண்டும். கைப்பேசியை எடுத்து யாரையோ அழைக்கப் போனவர், மீண்டும் அதைச் சட்டைப்பையிலேயே போட்டார்.

"அண்ணாச்சி, வெளிப்படையாச் சொல்றேன். இந்த வரியை வச்சுத்தான் மொத்த விளம்பரமும். நீங்க பேசலைன்னா வேற ஒருத்தரைப் பேச வைக்கணும். அப்புறம் அடையாறுலயும் அவரைத்தான் உக்கார வைக்கணும். உங்களுக்கு அது வேணும்னு எனக்குத் தெரியும். யோசிச்சுச் சொல்லுங்க."

தனபாலன் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். மேசைமேல் கிடந்த புடவையை எடுத்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, அவசரமின்றி மடித்து முடித்தார்.

"யோசிச்சிட்டேன் தம்பி," என்றார். "அடையாறுக்கு வேற ஆளைப் போடுங்க. நான் இந்த மாடியிலயே நின்னுக்கிடுதேன். களிப்பச்சைன்னு சொல்லியே விக்கேன். எங்கேருந்து வந்த பேருன்னு யாராவது கேட்டா, அச்சுப்பிழைன்னும் சொல்லுதேன்."